கச்சேரிக்குக் கிளம்புற தங்கச்சிக்கு

2025 பிப்ரவரி 5-ம் தேதி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ மைதானத்துல எட் ஷீரன் பாடிக்கிட்டு இருக்கும்போது ஏ.ஆர்.ரஹ்மான் மேடை ஏறினார். 'ஊர்வசி'யும் 'ஷேப் ஆஃப் யூ'வும் கலந்து ஒரே பாட்டாச்சு. மறுநாள் ரீல்ஸ் முழுக்க அதுதான். அன்னிலேர்ந்து நீயும் "அடுத்த ஷோவுக்கு நான் போயே ஆகணும்"னு குதிச்சுக்கிட்டு இருக்கே. தாராளமா போ. அப்பாகிட்ட நானே பேசுறேன். ஆனா இது ஒரு ராத்திரியோட முடியற விஷயம் இல்லடி. அம்பது வயசுலயும் நீ கச்சேரிக்குப் போகணும். அது வரைக்கும் காது நல்லா கேக்கணும், பர்ஸ் காலியாகாம இருக்கணும், "போயிட்டு வா"ன்னு வீட்ல சொல்லணும். அதுக்கு வேண்டியதைத்தான் சொல்றேன்.

டிக்கெட் வாங்கும்போது

கோல்ட்பிளேவோட நவி மும்பை ஷோவுக்கு 2024 செப்டம்பர் 22-ம் தேதி டிக்கெட் திறந்தப்போ லட்சக்கணக்கான பேர் ஆன்லைன் வரிசையில நின்னாங்க. 2,500 ரூபாய்லேர்ந்து 35,000 ரூபாய் வரைக்கும் இருந்த டிக்கெட்டுகளுக்கு வெளியில லட்சத்துல விலை சொன்னாங்க. இந்த மாதிரி நேரத்துலதான் "இன்ஸ்டால ஒருத்தர்கிட்ட எக்ஸ்ட்ரா டிக்கெட் இருக்காம்க்கா"ன்னு வந்து நிப்பே. இன்ஸ்டாகாரர் அனுப்பறது வெறும் ஸ்கிரீன்ஷாட். அதே க்யூ.ஆர் படத்தை அவர் எத்தனை பேருக்கு வித்திருக்கார்னு உனக்குத் தெரியாது. முதல்ல ஸ்கேன் ஆனவங்க உள்ளே போவாங்க, மத்தவங்க கேட்ல நின்னு அழுவாங்க. புக் பண்ண ஆப் வழியாவே டிக்கெட்டை உன் பேருக்கு மாத்தித் தர முடியும்னா வாங்கு, இல்லன்னா விட்டுடு. அதே கோல்ட்பிளே 2025 ஜனவரி 26-ம் தேதி அகமதாபாத்ல பாடினதை ஹாட்ஸ்டார்ல நேரலையாவே காட்டினாங்க. டிக்கெட் கிடைக்காதவங்க காலை நீட்டி உக்காந்து பார்த்தாங்க.

டிக்கெட்ல போட்டிருக்கற விலையை நம்பாதே. புக்கிங் கட்டணம், ஜி.எஸ்.டி, ஆட்டோ, உள்ளே விக்கற தண்ணி, முடிஞ்சப்புறம் கொலைப்பசியில சாப்பிடற பரோட்டான்னு எல்லாம் சேர்த்தா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வரும். அந்த ரெண்டு மடங்கு உன்கிட்ட இருந்தா புக் பண்ணு. மேடைக்கு முன்னாடி இருக்கற ஃபேன் பிட்டுக்கு ஆசைப்பட்டு ஹாஸ்டல் ஃபீஸ்ல கை வைக்காதே. இன்னொண்ணு, மேடையை ஒட்டி நின்னா பாடறவரோட ஷூ நல்லா தெரியும், அவ்வளவுதான். சவுண்ட் நல்லா கேக்கறது சவுண்ட் இன்ஜினியர் கன்சோல் போட்டிருக்கற இடத்துக்குப் பக்கத்துலதான். அவர் தன் காதுக்குக் கேக்கறதை வச்சுத்தான் எல்லா வாத்தியத்தையும் சமன் பண்றார். அந்த இடம் பெரும்பாலும் ஃபேன் பிட்டுக்குப் பின்னாடி, டிக்கெட் விலை இறங்கற பகுதியில இருக்கும். முதல் தடவை போறவளுக்கு அதுதான் என் சிபாரிசு.

புக்கிங் மெயிலை அழிக்கவே அழிக்காதே. 2023 செப்டம்பர் 10-ம் தேதி பனையூர்ல நடந்த ரஹ்மானோட 'மறக்குமா நெஞ்சம்' கச்சேரி ஞாபகம் இருக்குல்ல? கையில டிக்கெட் இருந்தும் உள்ளே போக முடியாம எத்தனையோ பேர் திரும்பினாங்க. ஈ.சி.ஆரே அசையாம நின்னுச்சு. மறுநாள் ரஹ்மான், டிக்கெட் வாங்கினதோட நகலைப் புகாரோட மெயில் பண்ணுங்கன்னு கேட்டுக்கிட்டார். நகல் இருந்தவங்களுக்கு வேலை சுலபம்.

கிளம்பறதுக்கு முன்னாடி

திறந்தவெளியில ராத்திரி 10 மணிக்கு மேல ஒலிபெருக்கி வைக்கக் கூடாதுன்னு 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள் சொல்லுது. வருஷத்துல குறிப்பிட்ட சில நாளைக்கு மட்டும் நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம். அதனால மைதானக் கச்சேரி பெரும்பாலும் 10 மணியை ஒட்டி முடிஞ்சிடும். இதை அம்மாகிட்ட சொல்லு, பாதி கவலை அங்கேயே குறையும். சென்னை மெட்ரோ ராத்திரி 11 வரைக்கும் ஓடுது. ஒய்.எம்.சி.ஏ-ன்னா நந்தனம் ஸ்டேஷன் நடக்கற தூரம்தான். ஆனா எல்லாரும் ஒரே நேரத்துல அங்கேதான் வருவாங்க. கடைசிப் பாட்டு வரைக்கும் நிக்கறதா, ஒரு பாட்டு முன்னாடியே வெளியே வர்றதான்னு கிளம்பும்போதே முடிவு பண்ணிக்கோ. எனக்குக் கடைசிப் பாட்டை விட மனசு வராது. நிதானமா கூட்டம் கலையற வரைக்கும் ஓரமா உக்காந்துட்டுத்தான் நான் எழுந்திரிப்பேன். ஆட்டோ, கேப் எதுவா இருந்தாலும் கேட் வாசல்ல நின்னு புக் பண்ணாதே. மத்தவங்களோட சேர்ந்து வெளிச்சமான மெயின் ரோட்டுல கொஞ்ச தூரம் நடந்தப்புறம் பண்ணு. விலையும் குறையும், டிரைவராலயும் உன்னைக் கண்டுபிடிக்க முடியும்.

சென்னை வேர்வைக்குக் காட்டன். கறுப்பு பேண்ட் டீ-ஷர்ட் போட்டே தீருவேன்னா போடு, ஆனா பாலியெஸ்டர் வேண்டாம். காலுக்கு மூடின ஷூ. அவல் உப்புமாவோ இட்லியோ வயிறு நிறைய சாப்பிட்டுட்டுப் போ. பவர் பேங்க், தண்ணி பாட்டில், பெரிய பை இதையெல்லாம் பல இடங்கள்ல கேட்லயே வாங்கி வச்சுக்கறாங்க. என்னென்ன எடுத்துட்டு வரக் கூடாதுங்கற பட்டியலை டிக்கெட்லயே படிச்சுடு. நாப்கின் ரெண்டு, ஓ.ஆர்.எஸ் பாக்கெட் ஒண்ணு இதெல்லாம் சின்னப் பையிலயே அடங்கும். டாய்லெட்டுக்கு முதல் பாட்டுக்கு முன்னாடியே போயிடு. இடைவேளையில அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் முடியாது.

உள்ளே போனதும் நெட்வொர்க் செத்துடும். க்யூ.ஆரை வாசல்லயே திறந்து வச்சுக்கோ. தோழிகளைப் பிரிஞ்சா எங்கே சந்திக்கறதுன்னு ஒரு இடம் பேசிக்கோங்க. "கேட் பக்கம்"னு சொன்னா எந்த கேட்டுன்னு யாருக்கும் தெரியாது. எண் போட்ட ஒரு லைட் கம்பம், இல்ல ஒரு குறிப்பிட்ட கடைன்னு குறிச்சுக்கோங்க.

கூட்டத்துக்குள்ள

இதை மட்டும் ரெண்டு தடவை படி. 2023 நவம்பர் 25-ம் தேதி கொச்சி பல்கலைக்கழகத்துல கல்லூரி விழாக் கச்சேரி. மழை வந்ததும் வெளியே நின்ன கூட்டம் உள்ளே தள்ள, அரங்குக்கு இறங்கற படிக்கட்டுல நெரிசலாகி நாலு பேர் போயிட்டாங்க. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி அமெரிக்காவுல ஹூஸ்டன் நகரத்துல ஆஸ்ட்ரோவேர்ல்ட் விழாவுல பத்து பேர். இந்த மாதிரி இடங்கள்ல மிதிபட்டுத்தான் சாகறாங்கன்னு எல்லாரும் நினைக்கறோம். நின்ன இடத்துலயே நெஞ்சு அழுந்தி மூச்சு விட முடியாம போறவங்கதான் நிறைய.

உன் கையை நீயா அசைக்க முடியலன்னா, பக்கத்துல இருக்கறவங்க அசையும்போது உன் உடம்பும் தானா அசையுதுன்னா, அது வைப் இல்ல, ஆபத்து. உடனே கிளம்பு. பாக்ஸர் மாதிரி ரெண்டு கையையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னாடி வச்சு மூச்சுக்கு இடம் பண்ணிக்கோ. கூட்டம் தள்ளும்போது எதிர்த்து நிக்காதே, அதோட போ. தள்ளு ஓயற நொடியில குறுக்குவாட்டுல ஓரத்துக்கு நகரு. கீழே விழுந்த போனைக் குனிஞ்சு எடுக்காதே. போன் இன்னொண்ணு வாங்கலாம். நீயே விழுந்துட்டா ஒருக்களிச்சுப் படுத்துத் தலையைக் கையால மறைச்சுக்கோ. உள்ளே நுழைஞ்சதுமே ரெண்டாவது வெளியேறும் வழி எங்கேன்னு பார்த்து வை. வந்த வழியாவே எல்லாரும் திரும்புவாங்க.

கை வைக்கறவனுங்களும் அங்கே இருப்பானுங்க. கூட்டம்தானே, தெரியாம பட்டிருக்கும்னு அவனுக்கு நீயே சாக்கு தேடித் தராதே. திரும்பி அவன் முகத்தைப் பார்த்து உரக்கக் கத்து. சுத்தி இருக்கற பொண்ணுங்க உடனே சேர்ந்துக்குவாங்க, நான் பார்த்திருக்கேன். அப்புறம் செக்யூரிட்டி. தேவைப்பட்டா 112, பெண்களுக்கான 181. அதே மாதிரி, பேண்ட்ல இருக்கற ஒருத்தரோ அவங்க ஆளோ "மேடைக்குப் பின்னாடி வா, நீ மட்டும் வா"ன்னு கூப்பிட்டா, அவர் எவ்வளவு நல்லா கிட்டார் வாசிச்சாலும் சரி, போகாதே. நல்ல கலைஞர்கள் ரசிகர்களைக் கும்பலாத்தான் பார்ப்பாங்க.

காது

கோல்ட்பிளே கிறிஸ் மார்ட்டினுக்குக் காதுல ஓயாம இரைச்சல் கேக்கற டினிடஸ் இருக்கு. அவரே வெளிப்படையா சொல்லியிருக்கார். சின்ன வயசுல சத்தமா பாட்டு கேட்டதுதான் காரணம்னும் சொல்றார். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்கலாம், 100 டெசிபல்னா வாரத்துக்கே சுமார் 20 நிமிஷம்தான். ஸ்பீக்கர் பக்கத்துல 100 சர்வசாதாரணம். கச்சேரி விட்டு வந்து காது "ஙொய்"னு இரையறதே, அது உள்காதுல இருக்கற நுண்ணிய மயிர் செல்கள் அடிபட்டதோட அடையாளம். அந்த செல்கள் செத்தா மறுபடி முளைக்காது.

மருந்துக் கடையில ஃபோம் இயர் பிளக் மலிவாவே கிடைக்கும். அதை விரலால மெல்லிசா உருட்டு, தலைக்கு மேல மறுகையைக் கொண்டுபோய்க் காது மடலை மேலயும் பின்னாலயும் இழு, சொருகி அது விரியற வரைக்கும் பிடிச்சுக்கோ. பாட்டு கேக்காதோன்னு பயப்படாதே, வார்த்தை இன்னும் தெளிவா கேக்கறதைக் கவனிப்பே. அடிக்கடி போறவளா ஆயிட்டா, இசைக்குன்னே விக்கற ஃபில்டர் வச்ச பிளக் வாங்கித் தரேன். தீபாவளிக்கு சுடிதார் கட்.

தினமும் பஸ்ல இயர்போன் போடறியே, அதுவும் இந்தக் கணக்குல சேரும். இன்ஜின் சத்தத்தை மீறக் கேக்கணும்னு வால்யூமை ஏத்திக்கிட்டே போவே. காதை நல்லா அடைக்கற மாதிரி இயர்போன் போட்டு, பாதிக்குக் கொஞ்சம் மேல நிறுத்திக்கோ. ரோடு கிராஸ் பண்ணும்போது ரெண்டையும் கழட்டு. தூங்கும்போது வேண்டவே வேண்டாம்.

வெளியூர் மோகம்

2024 ஜனவரியில கரூர் மாவட்டத்துலேர்ந்து எட்டாவது படிக்கற மூணு பொண்ணுங்க, பி.டி.எஸ்-ஐப் பார்க்கணும்னு 14,000 ரூபாயோட வீட்டை விட்டுக் கிளம்பிட்டாங்க. விசாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறிக் கொரியா போறதுதான் திட்டம். காட்பாடியில போலீஸ் மீட்டுக் கூட்டிட்டு வந்தாங்க. ஊரே சிரிச்சுது, எனக்குச் சிரிப்பு வரல. அந்தப் புள்ளைங்களுக்கு நேர்ல பாட்டு கேக்கறதுன்னாலே அது கொரியாவுல மட்டும்தான் நடக்கும்னு தோணியிருக்கு பாரு.

பெங்களூரு ஷோவுக்குப் போகணும்னா என்கூட வா. ஆனா அதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கறதைக் கேளு. ஜனவரியில ஐ.ஐ.டி மெட்ராஸ்ல சாரங் விழா. ஜூன் 21 உலக இசை நாளை ஒட்டி நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸ்ல உள்ளூர் பேண்டுகள் வாசிப்பாங்க. டிசம்பர்ல நீலம் பண்பாட்டு மையம் நடத்தற 'மார்கழியில் மக்களிசை'யில பறையும் கானாவும் கேக்கலாம். சபாக்கள்ல மத்தியானக் கச்சேரிக்குப் பல இடத்துல டிக்கெட்டே கிடையாது. கேன்டீன் வேற இருக்கு. 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பேண்ட் 2018 ஜனவரியில கீழ்ப்பாக்கத்துலதான் முதல் மேடை ஏறுச்சு. அந்தக் கூட்டத்துல நின்னவங்க இன்னிக்கும் அதைப் பெருமையா சொல்லிக்கறாங்க. இந்தியன் ஓஷன் பேண்டும் முதல்ல சின்னச் சின்னக் கூட்டத்துக்கு வாசிச்சு வளர்ந்தவங்கதான்.

சின்ன அரங்குல கிட்டார்காரர் தந்தியை முறுக்கறது தெரியும், டிரம்மர் தப்பு பண்ணிட்டுச் சிரிக்கறது தெரியும், முடிஞ்சதும் நேர்ல போய் "அந்த மூணாவது பாட்டு நல்லாருந்துச்சு"ன்னு சொல்ல முடியும். ஸ்டேடியத்துல எல்.ஈ.டி திரையைத்தான் பார்ப்பே. வருஷத்துக்கு ஒரு பெரிய ஷோ போதும்டி, மீதிக் காசுக்கு மாசம் ஒரு சின்ன ஷோ பார். முதல்ல வாசிக்கற பேர் தெரியாத பேண்டுக்காக நேரத்தோட போ. பிடிச்சா அவங்க டீ-ஷர்ட்டை வாங்கு. பேண்ட்கேம்ப்ல ஆல்பம் இருந்தா வாங்கு. அந்தத் தளம் 15 சதவீதம் எடுத்துக்கிட்டு, பணம் வாங்கற செலவு போக மீதியை அவங்ககிட்டயே குடுத்துடும். நீ ஸ்ட்ரீமிங்ல ஆயிரம் தடவை கேட்டாலும் அந்த அளவு காசு அவங்களுக்குப் போகாது.

கடைசியா ஒண்ணு. தெரிஞ்சவங்க பேண்ட் வாசிக்குதுன்னா "பாஸ் கிடைக்குமா?"ன்னு கேக்கற பழக்கம் நம்ம ஊர்ல ரொம்ப இருக்கு. 300 ரூபா டிக்கெட்டுக்குப் பாஸ் கேக்கறவங்க அதே வாரம் 8,000 ரூபாய்க்கு ஸ்டேடியம் டிக்கெட் போட்டு ஸ்டேட்டஸ் வைப்பாங்க. நீ அப்படிக் கேக்காதே. காசு குடுத்து டிக்கெட் வாங்கு.