எங்கள் வீட்டு வலையமைப்பில் ஒன்பதாவது யார்?

சென்ற தவணை விடுமுறையில், மாதம் முடியப் பத்து நாட்கள் இருக்கும்போதே எங்கள் வீட்டு இணைய இணைப்பின் டேட்டா தீர்ந்துபோனது. அடுத்த மாதமும் அவ்வாறே.

"பரீட்சைக் காலத்தில் பக்கத்து வீட்டு மாமியின் மகனுக்குக் கடவுச்சொல்லைக் கொடுத்தோமே, அவர்தான் இன்னும் பாவிக்கிறார் போல. நாளைக்குப் போய்க் கேட்கப் போகிறேன்" என்றார் வாப்பா. உம்மாவின் முகம் வாடியது. இருபது வருட அயல் அது.

"கேட்க முதல் நான் ஒருக்கா எண்ணிப் பார்க்கிறேன் வாப்பா" என்றேன். தகவல் தொழினுட்பப் பாடத்தில் மனனம் செய்த வலையமைப்பு அன்றிரவுதான் எனக்கு உண்மையாக விளங்கியது.

இரண்டு முகவரிகள்

ஒரு வீட்டுக்குள் அல்லது ஒரு பாடசாலைக்குள் உள்ள சாதனங்களை ஒன்றோடொன்று இணைப்பதே இடத்துரி வலையமைப்பு ஆகும். எமது வீடுகளில் அதன் நடுவே இருப்பது ரவுட்டர். அதில் சேரும் சாதனம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு முகவரிகள் உண்டு.

முதலாவது ஐபி முகவரி. 192.168.1.5 என்பது போன்ற இதனைப் பெரும்பாலும் ரவுட்டரே வழங்குகிறது. இன்று ஓர் எண், நாளை வேறோர் எண் கிடைக்கலாம். வகுப்பறையில் நாம் அமரும் கதிரை போன்றது இது. இரண்டாவது மெக் முகவரி. 12 பதினறும எண் குறிகளைக் கொண்ட இது, தயாரிக்கும்போதே சாதனத்துக்கு இடப்படுகிறது. பாடசாலைச் சேர்விலக்கம் போல, கதிரை மாறினாலும் இது மாறாது. இதன் முதல் 6 குறிகளைக் கொண்டு சாதனத்தைத் தயாரித்தவர் யார் என அறியலாம்.

கூப்பிட்டுப் பார்த்தல்

இணையத் தேடுபொறியில் அல்ல, உலாவியின் முகவரிப் பட்டையில் ரவுட்டரின் ஐபி முகவரியை இட்டு, நிருவாகக் கடவுச்சொல்லைக் கொடுத்தால் இணைந்துள்ள சாதனங்களின் பட்டியல் தோன்றும். ஆனால் சில ரவுட்டர்கள் விலகிப்போன சாதனங்களையும் சிறிது காலம் காட்டிக்கொண்டிருக்கும். எனவே நாமே கூப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

அதற்கான கட்டளைதான் பிங். 1983இல் மைக் மூஸ் என்பவர் இதனை எழுதினார். நீர்மூழ்கிகளைக் கண்டறியும் சோனார் கருவியின் ஒலியே இதன் பெயராயிற்று. ஒலி சென்று எதிரொலி திரும்புவது போல, ஒரு முகவரிக்குச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா எனப் பார்க்கிறது. சாதாரண வீட்டு வலையமைப்பில் 192.168.1.1 முதல் 192.168.1.254 வரை 254 முகவரிகளையும் கூப்பிட வேண்டும். கையால் செய்தால் விடிந்துவிடும். 1997இல் கோர்டன் லயன் வெளியிட்ட என்மேப் போன்ற மென்பொருள்கள் இதனைச் சிறிது நேரத்தில் முடித்துவிடும்.

பிங்கிற்குப் பதில் வராவிட்டால் அங்கே எவரும் இல்லை என்று எண்ணிவிடலாமா? கூடாது. பாதுகாப்புச் சுவர் உள்ள கணினிகள் சில வேண்டுமென்றே மௌனம் காக்கும். இங்கேதான் 1982இல் வரையறுக்கப்பட்ட ஏஆர்பி எனும் நெறிமுறை கைகொடுக்கிறது. "இந்த ஐபி முகவரி யாருடையது?" என்று கணினி எல்லோருக்கும் கேட்கும்படி வினவும். உரிய சாதனம் தன் மெக் முகவரியைக் கூறும். பிங்கிற்கு வாய் திறக்காத சாதனமும் வலையமைப்பில் இயங்க வேண்டுமானால் இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பட்டியலும் வரைபடமும்

நாங்கள் மனக்கணக்கில் எண்ணியவை ஆறு: நான்கு கைபேசிகள், ஒரு மடிக்கணினி, என் டெப். பட்டியலிலோ ஒன்பது! ஒரு தாளின் நடுவில் ரவுட்டரை வரைந்தேன். வயரால் இணைந்தவற்றுக்கு முழுக்கோடு, வைஃபையால் இணைந்தவற்றுக்குப் புள்ளிக்கோடு. ஒவ்வொன்றின் அருகிலும் இரு முகவரிகள், இருக்கும் அறை, பாவிப்பவர் பெயர். அச்சுப்பொறியும் தொலைக்காட்சியும் அகப்பட்டன. ஒன்பதாவதின் அருகில் மட்டும் கேள்விக்குறி. இரவு பதினொரு மணிக்கு எட்டையும் நிறுத்திய பின்னரும் அது இயங்கிக்கொண்டே இருந்தது. "நான் சொன்னேன்தானே" என்றார் வாப்பா.

அதன் மெக் முகவரியில் தயாரிப்பாளரைத் தேடினேன், கிடைக்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன், அதன் இரண்டாவது குறி 6. இரண்டாவது குறி 2, 6 ஆகவோ ஆங்கில ஏ, ஈ எழுத்துகளாகவோ இருந்தால் அது தொழிற்சாலை இட்ட முகவரி அல்ல. எம்மைப் பின்தொடராதிருக்கும் பொருட்டு, அண்மைக் காலக் கைபேசிகள் இவ்வாறு தாமே ஒரு முகவரியைப் புனைந்துகொள்கின்றன. ஆகவே இது பெரும்பாலும் ஒரு கைபேசிதான். ஆனால் யாருடையது?

"உம்மும்மாவிடம் நானாவின் பழைய போன் இருக்கிறதே!" என்றார் உம்மா. போய்ப் பார்த்தோம். உம்மும்மா நல்ல தூக்கம். தலையணையோரம் திரை வெடித்த அந்தக் கைபேசியில் பயான் வீடியோ ஒன்று முடிய மற்றொன்று தானாகவே ஓடிக்கொண்டிருந்தது. அதன் அமைப்புப் பக்கத்தில் இருந்த மெக் முகவரியைத் தாளுடன் ஒப்பிட்டேன். பன்னிரண்டு குறிகளும் பொருந்தின. தானாக ஓடும் வசதியை நிறுத்தினோம். அடுத்த மாதம் டேட்டா கடைசி நாள் வரை போதுமானதாக இருந்தது.

எல்லை அறிதல்

இந்த அறிவை எமது சொந்த வலையமைப்பில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். பாடசாலையிலோ பிறர் வீட்டிலோ பொறுப்பானவரின் அனுமதி பெற்ற பின்னரே தேட வேண்டும். அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவது இலங்கையின் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி குற்றமாகும்.

இன்னொன்றும் உண்டு. யார் இணைந்திருக்கிறார் என்பதையே பட்டியல் சொல்லும், என்ன செய்தார் என்பதை அல்ல. தெரியாத ஒன்று அதில் இருந்தால் அது திருட்டு என்று பொருளில்லை. நாம் இன்னும் அடையாளம் காணவில்லை என்பதே பொருள்.

தோழிகளே, பெற்றோருடன் அமர்ந்து உங்கள் வீட்டு வரைபடத்தையும் வரைந்து பாருங்கள். உண்மையிலேயே அந்நியச் சாதனம் ஒன்று அகப்பட்டால் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். எங்கள் தாள் இப்போது ரவுட்டருக்கு மேலே சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. ஒன்பதாவதின் அருகில் இருந்த கேள்விக்குறியை அழித்து "உம்மும்மா" என்று எழுதியவர் வாப்பாதான். பக்கத்து வீட்டு மாமியிடம் அவர் கேட்க நினைத்த கேள்வி கேட்கப்படவே இல்லை.