பக்கத்து வீட்டையும் சேர்த்துக் கொடுங்கள்

அன்புள்ள நண்பருக்கு,

வெள்ளத்தில் வீடிழந்தவர்களின் மறுவாழ்வுப் பணியில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவர்கள் மனம்விட்டுப் பேசாதது உங்களை வருத்துகிறது. என்ன கேட்டால் பேசுவார்கள் என்று கேட்கிறீர்கள். நடந்ததைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள்.

2004 சுனாமியில் தமிழ்நாட்டில் இறந்தவர்கள் ஏறத்தாழ 8,000 பேர். அதில் 6,000 பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும். அன்று முகாம்களுக்கு வந்த சில குழுவினர், பிள்ளைகள் கையில் வண்ணக்குச்சியைக் கொடுத்து அலையை வரையச் சொன்னார்கள். ஒரு குழு போனதும் இன்னொரு குழு வந்து அதையே கேட்கும். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைத்தால் பாரம் இறங்கிவிடும் என்று நம்பினார்கள். அந்த முறை வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2011இல் அது வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு எளிமையானது: நிலைமையைப் பாருங்கள், அவர்களாகப் பேசினால் காதுகொடுங்கள், தேவையான உதவி கிடைக்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். தொலைந்த ரேஷன் கார்டுக்கு நகல் வாங்க ஒரு பெரியவரோடு தாலுகா ஆபீஸ் வரை போய்வந்தால், அன்று நீங்கள் செய்ததும் மனநலப் பணிதான்.

நாகையில் எனக்கு இன்னும் ஆறாத விஷயம் வீடு. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் அரசின் புது வீடு வேண்டுமென்றால் தள்ளிப்போக வேண்டியிருந்தது. கூரை வீட்டில் இருந்தவர்களுக்குக் காங்கிரீட் வீடு கிடைத்தது. அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் பழைய வாசலில் உட்கார்ந்தபடியே கடலின் நிறத்தையும் காற்றின் போக்கையும் பார்த்துவிடுவார்கள். படகு கரையேறினால் பெண்கள் கூடையோடு போய்ச்சேர நாலு எட்டுதான். வலை சீர்பார்க்கிற இடத்திலேயே ஊர்ப்பேச்சும் நடக்கும். ஒரு பக்கம் சித்தி வீடு, மறுபக்கம் நாத்தனார் வீடு. குலுக்கல் போட்டு வீடு ஒதுக்கினால் இது அத்தனையும் கலைந்துபோகும். புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவளுக்கு நடுராத்திரியில் விழிப்பு வந்தால், கூப்பிட்டுப் பழகிய குரல் மூன்று தெரு தள்ளி இருக்கும். அந்த இடங்களுக்குப் பெயரும் ‘சுனாமி குடியிருப்பு’ என்றே நிலைத்துவிட்டது. பெயர் வைப்பதையாவது அவர்களிடம் விட்டிருக்கலாம்.

துக்கத்துக்கும் இடம் வேண்டும். பல உடல்கள் கிடைக்கவே இல்லை. கிடைத்தவற்றிலும் நிறைய அவசரமாக ஒரே குழியில் போயின. முகம் பார்த்து அழ முடியாத சாவு அது. ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று கரைக்கு வந்து கடலில் பால் ஊற்றுகிறார்களே, அது வெறும் சடங்கு என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். உங்கள் மக்களும் அப்படி ஒரு நாளைக் கேட்டால் குறுக்கே நிற்காதீர்கள்.

குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டபின் சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்கு மறு இணைப்பு அறுவைச் சிகிச்சைக்கு அரசு உதவியது. நல்ல காரியம். ஆனால் மடியில் வந்த குழந்தை போன குழந்தை ஆகாது. அந்தத் தாயிடம் ‘இனி என்ன கவலை’ என்று சொல்லிவிடாதீர்கள்.

எல்லோருக்கும் மருத்துவர் தேவைப்படாது. பெரும்பாலோர் நாள்பட நாள்பட, சொந்தபந்தத்தின் துணையில் எழுந்துவிடுவார்கள். சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் நிபுணர்கள் உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்தது அதனால்தான். அந்த ஊர்ப் பேச்சைப் பேசுகிறவர் நாளைக்கும் அங்கேயே இருப்பார். ஆனால் மாதக்கணக்கில் தூங்காதவர், குடியிலேயே கிடப்பவர், சாவைப் பற்றியே பேசுபவர் என்று யாரைக் கண்டாலும் தாமதிக்காதீர்கள். அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மானஸின் எண் 14416. கட்டணமில்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனைக்கு நீங்களே கூட்டிப்போனால் இன்னும் நல்லது.

அடுத்த வாரம் வீட்டு ஒதுக்கீட்டுப் பட்டியல் தயாராகும் என்று எழுதியிருந்தீர்கள். அதில் கையெழுத்து விழுவதற்குள் அங்குள்ள பெண்களிடம் போய் உட்காருங்கள். பழைய தெருவில் யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டு, அந்த வரிசையை அப்படியே எழுதி அதிகாரிகளிடம் கொடுங்கள்.

அன்புடன்.