விடுமுறையில் எந்தக் கைவேலை? வீட்டைவிட்டு வெளியே வருவதைத் தேர்ந்தெடுங்கள்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததுமே எங்கள் காளையார்கோவிலில் அம்மாக்கள் என்னைப் பிடித்துக் கேட்பது ஒன்றுதான். "அக்கா, புள்ளைய ஆரி வகுப்புல சேத்துவிட்ரலாமா? எதிர்வீட்டுப் புள்ள போகுது." பிள்ளையும் பக்கத்திலேயே நிற்கும். அதனிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இன்னொரு வீட்டில் கதை வேறு மாதிரி இருக்கும். செல்போனில் ஓடும் ரீல்ஸில் கம்பளி நூல் பொம்மை ஒன்றைப் பார்த்துவிட்டு, பத்து நிறத்தில் நூல் வாங்கி, கரடிக்கு ஒரு கால் பின்னியதோடு எல்லாம் பரணுக்குப் போயிருக்கும். இரண்டு வீட்டிலும் அடுத்தவர் கையைப் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள். அந்தப் பிள்ளையின் கை எதற்கு வாகானது என்று பார்க்கவில்லை.

நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நூல் பின்னுகிறவள். பஸ்ஸிலும், ஆனைமடு தெப்பக்குளப் படியிலும், பிள்ளையார்பட்டி போய்த் திரும்பும் வழியிலும் என் மடியில் நூல்பை இருக்கும். அதனால் என் அளவுகோல் இது: குடும்பத்தோடு வெளியே கிளம்பும்போது கூடவே வருகிற வேலைதான் படிக்கிற பிள்ளைக்கு நல்ல பொழுதுபோக்கு. வீட்டின் ஒரு மூலையில் கட்டிப்போடும் வேலையை வயிற்றுப்பாட்டுக்குச் செய்யலாம். விடுமுறைக்கு அது ஆகாது.

ஒயர் கூடையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று முடிச்சுகள் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்தவை. அடிப்பாகம் போடுகிறவரை திண்ணை வேண்டும். அது முடிந்துவிட்டால் எங்கும் எடுத்துப்போகலாம். பொறுமை குறைந்த பிள்ளைக்கு இதுதான் பொருத்தம், கூடை கண்ணெதிரே வளரும். கை எம்பிராய்டரியும் அப்படித்தான். சிறிய வளையம், ஊசி, நூல் எல்லாம் ஒரு டிபன் பாக்ஸில் அடங்கிவிடும். கோலம் நன்றாகப் போடும் பிள்ளைக்கு அது தானாகவே வரும்.

பனையோலைக் கொட்டான் நம் மண்ணின் வேலை. செட்டிநாட்டுக் கொட்டான் புவிசார் குறியீடு பெற்றது. கல்யாணச் சீர்வரிசையோடு போய்க்கொண்டிருந்த இதை பிளாஸ்டிக் விழுங்கப் பார்த்தது. காரைக்குடிப் பக்கத்துப் பெண்களைச் சேர்த்து மீட்டெடுத்தவர் விசாலாட்சி ராமசாமி. ஓலையைக் கீறி, சாயம் ஏற்றி, ஈரம் காயாமல் வைத்துக்கொண்டு முடைய வேண்டும். காய்ந்துபோன ஓலை மடக்கினால் ஒடியும். அதனால் பஸ் பயணத்துக்கு இது ஒத்துவராது. ஆனால் வீட்டில் முடையத் தெரிந்த ஆச்சி ஒருவர் இருந்தால் வேறு எதையும் யோசிக்காதீர்கள், அவரிடம் உட்காருங்கள்.

இனி ஆரி வேலைக்கு வருகிறேன்.

இன்று தெருவுக்கு ஒரு ஆரி போர்டு தொங்குகிறது. ஒரு கல்யாண ரவிக்கைக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்ற கணக்கைக் காட்டித்தான் வகுப்புக்கு ஆள் சேர்க்கிறார்கள். அம்மாக்கள் மயங்குவதும் அந்தக் கணக்கில்தான். அந்த ரவிக்கை எப்படி உருவாகிறது என்று கிட்டே போய்ப் பாருங்கள். துணியை மரச்சட்டத்தில் தவில் தோல்போல விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். வலது கை மேலே கொக்கி ஊசியைக் குத்தும். இடது கை துணிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நூலை ஊசிக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். முத்து, குந்தன், சுகர் பீட்ஸ், ஜர்தோசி எல்லாம் கிண்ணத்தில் கிண்ணத்தில் பிரித்து வைத்திருக்கும். மின்விசிறி போட்டால் பறக்கும், குழந்தை ஓடினால் கொட்டும். கழுத்து கவிழ்ந்தே இருக்கும். வெளிச்சம் போதாவிட்டால் கண் எரியும். பத்து மாதம் பள்ளியில் பெஞ்சில் குனிந்து எழுதிய பிள்ளையைக் கோடை விடுமுறையிலும் குனியவைப்பதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை.

அடிப்படைத் தையலைக் கற்றுக்கொள்வது சுலபம். சங்கிலித் தையல் சில நாளில் வந்துவிடும், அம்மாவும் பூரித்துப் போவார். காசு கிடைக்கும் நேர்த்தி வரப் பல மாதம் ஓயாமல் உட்கார வேண்டும். வகுப்பு முடிந்த பிறகு அப்படி உட்கார்கிறவர்கள் குறைவு, சட்டம் கட்டிலுக்கு அடியில் போய்விடும். உட்கார்ந்து தேறியவர்களுக்கும் இன்னொரு தொல்லை உண்டு. கம்ப்யூட்டர் எம்பிராய்டரி இயந்திரம் அதே பூவைச் சீக்கிரமாகவும் மலிவாகவும் போட்டுத் தருகிறது. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தம் நெருங்கும்போது ஊரே கேட்கும், மற்ற மாதங்களில் சீந்த ஆள் இருக்காது. அந்த முகூர்த்த நாட்களில்தான் குடும்பமே எங்காவது கிளம்பும். ஆரி போடுகிற பிள்ளை மட்டும், "வெள்ளிக்கிழமை குடுக்கணும்மா" என்று வீட்டிலேயே தங்கிவிடும். இதைப் பல வீடுகளில் பார்த்து என் மனசு கேட்காமல்தான் இவ்வளவு சொல்கிறேன்.

ஆரியில் உயிரை வைத்திருக்கும் பெண்களும் உண்டு. ஒரு மயில் கழுத்தின் நிறம் சரியாக வரும்வரை அவிழ்த்து அவிழ்த்துப் போடுவார்கள். உங்கள் மகள் அந்த ரகம் என்றால் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். அவள் தானே கேட்டால் மட்டும்.

மிச்சம் இருப்பவை என் இரண்டு பிள்ளைகள்: குரோஷாவும், இரட்டை ஊசிப் பின்னலும்.

வெளியே எடுத்துப்போக குரோஷாவை மிஞ்ச ஒன்றுமில்லை. கொக்கியில் எப்போதும் உயிரோடு இருப்பது ஒரே ஒரு கண்ணிதான். பஸ் வேகத்தடையில் தூக்கிப்போட்டாலும் ஒரு கண்ணிக்கு மேல் போகாது. ஊர் வந்துவிட்டதா, அந்தக் கண்ணியைக் கொஞ்சம் நீளமாக இழுத்துவிட்டுப் பைக்குள் போடலாம். உள்ளங்கை அகலச் சதுரங்களாகப் பின்னிச் சேர்த்துப் பிற்பாடு இணைத்துக்கொள்ளலாம். 2016 ஜனவரி 31-இல் சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் போர்வையைக் காட்டிக் கின்னஸ் சாதனை செய்தது இந்த வழியில்தான். பலர் அவரவர் வீட்டிலிருந்து பின்னிய சதுரங்களைச் சேர்த்த போர்வை அது.

இரட்டை ஊசிப் பின்னலில் ஒரு வரிசைக் கண்ணிகள் அத்தனையும் ஊசியிலேயே நிற்கும். ஒன்று நழுவினால் அடிவரை ஏணிபோல இறங்கிவிடும். ஊசி முனைகளில் ஆளுக்கொரு பென்சில் ரப்பரைக் குத்தி வைத்தால் பைக்குள் கண்ணி கழன்றுவிடாது. இந்தத் துணி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். திருப்பூர் பனியன் துணியும் இதே கண்ணிதான், அங்கே இயந்திரம் போடுகிறது. குழந்தைத் தொப்பிக்கும் காலுறைக்கும் இதுதான் வேண்டும். தோள்பைக்கு குரோஷா நல்லது, பாரம் ஏற்றினாலும் அவ்வளவாகத் தொங்காது. நம்மூர் வெயிலில் கம்பளி நூலைத் தொடாதீர்கள், வியர்வைக் கையில் ஒட்டும். பருத்தி நூலும் மூங்கில் ஊசியும் போதும். எனக்கு மனதுக்கு நெருக்கமானது இரட்டை ஊசிதான். நேர்க் கண்ணியாகவே போய்க்கொண்டிருந்தால் கை தன்பாட்டுக்கு ஓடும், கண் வேடிக்கை பார்க்கலாம்.

வேடிக்கை பார்க்க நம் மாவட்டத்தில் என்ன குறை? கீழடி அருங்காட்சியகத்துக்குப் பின்னத் தெரிந்த பிள்ளையைக் கூட்டிப் போய்ப் பாருங்கள். மண்ணுக்குள்ளிருந்து வந்த தக்களி வில்லைகளுக்கும் எலும்பு முனைகளுக்கும் முன்னால் மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் நிற்கும். ஆத்தங்குடி போனால் தரைக்கல் பூவைக் கட்டம்போட்ட நோட்டில் வரைந்து வரச் சொல்லுங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு கண்ணி என்று வைத்தால் அதுவே குரோஷாவுக்கான மாதிரிப்படம் ஆகிவிடும். வேட்டங்குடியில் பறவைகளுக்காகக் கொல்லுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கே வெடி போடுவதில்லை. அங்கே சத்தமில்லாமல் உட்கார வேண்டும். கையில் நூல் இருக்கிற பிள்ளைக்கு அது சிரமமே இல்லை.

எந்தப் பிள்ளைக்கு எது என்று பார்க்க வகுப்பு வேண்டாம். எண்ணுவதில் விருப்பமுள்ள பிள்ளை இரட்டை ஊசிக்குப் போகும். எண்ணச் சொன்னால் முகம் சுளித்து, கையில் பட்டதை வைத்து உருவம் செய்கிற பிள்ளை குரோஷாவுக்குப் போகும். ஒரு வாரம் ஊசியைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். தப்பாகப் போட்டதை யாரும் சொல்லாமலே அவிழ்க்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். அவிழ்க்கிற பிள்ளை தேறிவிடும். எந்தக் கைவேலையிலும் முதல் துண்டு கோணலாகத்தான் வரும். அதை உறவுக்காரர் முன்னால் காட்டிச் சிரிக்காதீர்கள். "இதுல எவ்வளவு கெடைக்கும்?" என்று ஒரு வருடத்துக்குக் கேட்காதீர்கள். பிள்ளைகளே, நீங்களும் வாரத்துக்கு ஒரு வேலைக்குத் தாவாதீர்கள். ஒரு நூலைத் தொட்டால் அதை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

தொடங்க அதிகச் செலவில்லை. 4 மி.மீ. ஊசி ஒரு ஜோடி அல்லது அதே அளவில் ஒரு குரோஷா ஊசி, பருத்தி நூல் 2 கண்டு போதும். இரட்டை ஊசியில் 40 கண்ணி போட்டால் ஏறக்குறைய ஒரு சாண் அகலம் வரும். அதை மடித்துத் தைத்தால் தண்ணீர் பாட்டில் உறை. நூலை வெளிர் நிறத்தில், ஒரே நிறமாக வாங்குங்கள். கறுப்பிலும் கருநீலத்திலும் புதிய கைக்குக் கண்ணி தெரியாது.