பட்டா நிலத்தில் மேயும் மானைச் சுடலாமா?

கேள்வி: வசிப்பது ஸ்ரீரங்கம். துறையூர் பக்கம், பச்சைமலை அடிவாரத்தில் பட்டா நிலம் இருக்கிறது. ராத்திரியில் மான்கள் இறங்கி நிலக்கடலையை மேய்ந்துவிடுகின்றன. இவை இந்த ஊர் மான்களே அல்ல, யாரோ வளர்த்துக் கொண்டுவந்து விட்டவை என்கிறார்கள். டெக்சாஸில் இருக்கும் என் மச்சினர், அங்கே வெளிநாட்டு மானைச் சொந்த நிலத்தில் ஆண்டு முழுக்கச் சுடலாம் என்கிறார். என்னிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது. சுடலாமா?

பதில்: துப்பாக்கியை எடுக்கவே வேண்டாம் ஐயா.

மச்சினர் சொல்வது அந்த ஊருக்குச் சரி. அங்கே ‘ஆக்சிஸ்’ என்று சுடுவது நம் புள்ளிமானைத்தான். 1930-களில் அங்கே போனது. அயல் விலங்கு என்பதால் அதற்கு வேட்டைக் காலமும் கிடையாது, எண்ணிக்கை வரம்பும் கிடையாது. நம்முடைய 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் நிலம் யாருடையது, மான் எப்படி வந்தது என்று கேட்பதில்லை. விலங்கு எது என்று மட்டுமே கேட்கிறது. புள்ளிமான் அதன் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அந்தமானுக்கு அதை ஆங்கிலேயர்தான் கொண்டுபோய் விட்டார்கள். இன்று அங்குள்ள காட்டுக்கே அது பெரும் சேதம். அங்கேகூடத் தனி ஆள் இஷ்டத்துக்குச் சுட முடியாது.

சுடுவது மட்டும் வேட்டை இல்லை. கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, நாயை ஏவுவது, இவற்றுக்கு முயல்வதுகூட வேட்டைதான். மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருட்டில் நீங்கள் சுட்டது வெளிமானாக இருந்துவிட்டால், அது முதல் அட்டவணை. குறைந்தபட்சமே மூன்று ஆண்டு. கறியைப் பங்கு போட்டு வாங்கியவரும் மாட்டுவார். கையில் இருந்தது சட்டப்படி வந்தது என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும், பிரிவு 57 அப்படி.

உண்மையிலேயே அட்டவணையில் இல்லாத வெளிநாட்டு மான் என்றால்? வேட்டைத் தடை பொருந்தாதுதான். ஆனால் அது ஒருவர் வளர்த்ததாக இருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 325 வரும், ஐந்து ஆண்டு வரை சிறை. மிருகவதைத் தடுப்புச் சட்டமும், துப்பாக்கி லைசென்ஸ் நிபந்தனைகளும் தனி. ஊர்ப் பேச்சை நம்பி நீங்களே இனத்தை முடிவுசெய்வது ஆபத்து.

தற்காப்பு விலக்கு மனித உயிருக்கு மட்டும்; பயிருக்கு இல்லை. பயிரை அழிக்கும் இரண்டாம் அட்டவணை விலங்குக்குப் பிரிவு 11-இன்கீழ் தலைமை வனஉயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்தவரோ எழுத்தில் உத்தரவிடலாம். அது அவர் முடிவு, உங்களுடையது அல்ல. காட்டுப்பன்றிக்கு 2025-இல் தமிழக அரசு வழிவிட்டதைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதிலும் சுடுவது வனத்துறையினர்தான், விவசாயி அல்ல.

உங்கள் நஷ்டம் நிஜம். அதற்கு இழப்பீடு கேட்டு வாங்குங்கள். மேய்ந்த செடி, குளம்புத் தடம் இரண்டையும் தேதியோடு படமெடுத்து, சிட்டா, அடங்கல் நகலுடன் வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். கள ஆய்வுக்கு வரும்வரை அந்தப் பாத்தியை உழாதீர்கள். சோலார் வேலி போடுவதானால் முதலில் வனத்துறை அனுமதி. காப்புக்காட்டை ஒட்டிய நிலத்துக்கு 2023-ஆம் ஆண்டு விதிகள் அதைக் கட்டாயமாக்குகின்றன. மெயின் லைனிலிருந்து கம்பிக்கு கரண்ட் கொடுக்கும் யோசனை யாராவது சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். அதில் மானுக்கு முன்னால் தண்ணீர் பாய்ச்சப் போகிற ஆள் சாவார். வழக்கு அப்போது மனிதக் கொலையாகிவிடும்.