திருநீற்றுப்பச்சிலை

பெருமாளுக்குத் துளசியும் சிவபெருமானுக்கு வில்வமும் உகந்தவை என்பதை அன்பர்கள் அறிவர். இவையன்றி, கதம்ப மாலையில் மலர்களுக்கிடையே வைத்துத் தொடுக்கப்பெறும் மணமிக்க பச்சிலை ஒன்றுண்டு. அதுவே திருநீற்றுப்பச்சிலை. பிரசாதமாகக் கிடைத்த மாலையில் பூவைச் சூடிக்கொண்டு இலையை உதிர்த்துவிடுவோர் பலர். கோடையில் சர்பத்தில் கலந்து பருகும் சப்ஜா விதை இச்செடியின் விதையே என்பதை அறிந்தோர் சிலரே.

பெயரும் வடிவமும்

விபூதிப்பச்சிலை, உருத்திரச்சடை என்னும் பெயர்களும் இதற்கு உண்டு. திருநீறும் சடையும் சிவச் சின்னங்களாதலின், இப்பெயர்களிலேயே சைவ மணம் கமழ்கின்றது. துளசியும் இதுவும் ஒரே இனத்தைச் சார்ந்தவை. எனினும் வெவ்வேறு செடிகள். துளசியின் இலை சிறியது, மென்மயிர் உடையது. இதன் இலையோ சற்றுப் பெரியது. வழவழப்பும் பளபளப்பும் உடையது. பூக்கள் வெண்மையாகவோ இளஞ்செந்நீலமாகவோ கதிர்போல் அடுக்கடுக்காகத் தோன்றும்.

மருந்து

இலையைக் கசக்கி முகர்ந்தால் தலைவலியும் குமட்டலும் தணியும் என்பதும், இலைச்சாற்றில் வசம்புப் பொடியைக் குழைத்துப் பூசினால் முகப்பரு மறையும் என்பதும் சித்த மருத்துவ வழக்கு. உடற்சூடு, நீர்க்கடுப்பு, மலச்சிக்கல் ஆகியவற்றுக்கு விதையை ஊறவைத்துக் கொடுப்பர். கருவுற்ற மகளிரும் நாள்தோறும் மருந்து உண்போரும் மருத்துவரைக் கேட்டே இதனைக் கொள்ளுதல் வேண்டும்.

உணவு

ஒரு தேக்கரண்டி விதையை ஒரு குவளை நீரில் இட்டால், கால்மணி நேரத்தில் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் வழுவழுப்பான வெண்படலம் உண்டாகும். அதன் பின்னரே நன்னாரி சர்பத், பால், பலூடா முதலியவற்றில் கலத்தல் வேண்டும். உலர்ந்த விதையை அப்படியே விழுங்கலாகாது. அது தொண்டையில் ஈரத்தை ஈர்த்துப் பருத்து அடைப்பை உண்டாக்கக்கூடும். சிறுவர்க்குக் கொடுக்கும் தாய்மார் இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

பிற நாடுகளில் இலையே உணவாகிறது. இத்தாலியின் ஜெனோவா நகரத்தார் இதனைப் பூண்டு, பைன் பருப்பு, பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றுடன் அரைத்து ‘பெஸ்தோ’ என்னும் துவையல் செய்வர். தாய்லாந்து மக்கள் குழம்பில் இடுவர். கிரேக்க நாட்டுக் கிறித்தவக் குருமார் இதன் கொத்தினால் புனித நீரைத் தெளிப்பர். ‘பசிலிக்கம்’ என்னும் இதன் தாவரவியற் பெயர், ‘அரசர்க்குரியது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. நெடுந்தொலைவிலுள்ள மக்களும் இவ்விலையை இறைவழிபாட்டிற்கு உரியதாகப் போற்றுதல் எண்ணி மகிழத்தக்கது.

வளர்ப்பு

வெயில் படும் இடத்தில் ஒரு தொட்டி இருப்பினும் போதும். முற்றிய கதிரை உலர்த்தி உதிர்த்த விதையைத் தூவினால், சில நாட்களில் முளைக்கும். இது பெரும்பாலும் ஓராண்டே வாழும் செடியாதலின், ஆண்டுதோறும் விதை எடுத்து வைத்தல் நன்று. முதற்கொத்தை ஆண்டவனுக்குச் சாத்தி, எஞ்சியதை இல்லத்தார் நலத்திற்குக் கொள்ளலாம். இனி மாலையில் வரும் இலையையும் கண்களில் ஒற்றிக்கொண்டு போற்றுவோமாக.