முதல் கார்: ஆரணிப் பிள்ளைக்கு எதை வாங்கித் தரலாம்?

ஆரணியில் என் அக்கா வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது. பெரியவனுக்குப் போன ஆவணியில் 18 முடிந்தது. வேலூரில் கல்லூரி. பிறந்தநாள் முடிந்த வாரமே என்னிடம் பேச்சை ஆரம்பித்துவிட்டான். "மாமா, ஃப்ரெண்டோட அண்ணன் ஸ்விஃப்ட் ஒண்ணு குடுக்கறாராம். 2013 மாடல். அப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும்."

வீட்டுக்குக் கார் தேவை என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. நூல் வாங்கி வருவதும் நெய்த சேலையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் எக்ஸெல் வண்டியில்தான். மழை பிடித்தால் சேலைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு யார் வீட்டுத் திண்ணையிலாவது ஒதுங்க வேண்டும். பாட்டியை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒவ்வொரு தடவையும் வாடகை வண்டி. எந்தக் கார் என்பதில்தான் இரண்டு மாதம் ஓடியது. அந்த இரண்டு மாதத்தில் பார்த்ததையும் விசாரித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் முதல் காருக்கு பிராண்டையும் பெயின்ட்டையும் பார்ப்பதற்கு முன் அது எந்த மாதம், எந்த வருடம் தயாரானது என்று பாருங்கள்.

சாவிக்கு முன்னால் லைசென்ஸ்

கார் ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 16 வயதில் கிடைக்கும் லைசென்ஸ் 50 சி.சி.க்கு உட்பட்ட, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். நெசவாளர் வீடுகளில் நிற்கும் எக்ஸெல் 100 கூட 99.7 சி.சி. பத்தாவது படிக்கும் பையன் அதில் நூல் வாங்கப் போவதும் சட்டப்படி குற்றமே.

2019 செப்டம்பரிலிருந்து இது கடுமையாகியிருக்கிறது. மைனர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழித்துத்தான் லைசென்ஸ் தேர்வுக்குப் போக முடியும். எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். அதை முழுசாகப் பயன்படுத்துங்கள். லைசென்ஸ் வந்த பிறகு கார் தேடினால் போதும்.

2019 என்ற எல்லைக்கோடு

2019 ஏப்ரலிலிருந்து தயாரான எல்லாக் கார்களிலும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். அதே ஆண்டு ஜூலையிலிருந்து டிரைவர் ஏர்பேக், வேக எச்சரிக்கை, சீட் பெல்ட் எச்சரிக்கை, பின்பக்க பார்க்கிங் சென்சார் ஆகியவை கட்டாயமாயின. முன்சீட்டுப் பயணிக்கான ஏர்பேக் 2021 முடிவுக்குள் எல்லாக் கார்களுக்கும் வந்தது. 2019-க்கு முன் விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் இவை எதுவுமே கிடையாது.

புதிதாக ஓட்டும் பிள்ளைக்கு ஏ.பி.எஸ். ஏன் முக்கியம்? கண்ணமங்கலம் சாலையில் வளைவு திரும்பியதும் முன்னால் பின்விளக்கு இல்லாத டிராக்டர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுபவசாலி பிரேக்கை விட்டு விட்டு மிதிப்பார். பிள்ளை பதறி ஒரே மிதியாக மிதிப்பான். ஏ.பி.எஸ். இல்லாத வண்டியில் சக்கரம் இறுகிவிடும், ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகத்தான் சறுக்கும். ஏ.பி.எஸ். இருந்தால் முழு பிரேக்கிலும் வண்டி திரும்பும். பிள்ளை செய்யும் தவறைப் பொறுத்துக்கொள்ளும் வண்டிதான் முதல் காருக்கு ஏற்றது.

பதிவான தேதியை நம்ப வேண்டாம். ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் வருடமும் தனியாக இருக்கும். அதைப் படியுங்கள்.

நம் முன்னால் இருக்கும் வழிகள்

*மிகப் பழைய சின்ன வண்டி.* பத்து, பன்னிரண்டு வருடத்து ஆல்டோ, சான்ட்ரோ வகை. விலை கைக்கு அடக்கம், எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார், உதிரிபாகமும் எங்கும் கிடைக்கும். ஆனால் வாங்கிய விலையோடு நான்கு டயர், பேட்டரி, கிளட்ச் செலவையும் கூட்டிப் பாருங்கள். ஆல்டோ 800, பழைய சான்ட்ரோ போன்றவற்றில் டைமிங் பெல்ட் உண்டு. மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் அதையும் கூட்டுங்கள். 15 வருடம் முடிந்தால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். எல்லாவற்றையும் விட, பாதுகாப்பு குறைவு. ஓட்டக் கற்றுக்கொண்ட பெரியவர் ஊருக்குள் ஓட்ட இது போதும். பிள்ளைக்கு வேண்டாம். 2013 ஸ்விஃப்ட்டை நாங்கள் விட்டது இதனால்தான்.

*2019 ஜூலைக்குப் பின் தயாரான செகண்ட் ஹேண்ட் சின்ன கார்.* நடுத்தரக் குடும்பத்துக்கு என் பரிந்துரை இதுதான். வேகன் ஆர், டியாகோ, கிராண்ட் ஐ10 நியோஸ் மூன்றும் ஓட்ட எளியவை. மோதல் சோதனையில் வித்தியாசம் தெரிகிறது: குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 2019-இல் வேகன் ஆர் 2 நட்சத்திரமும், 2020-இல் டியாகோ 4 நட்சத்திரமும், நியோஸ் 2 நட்சத்திரமும் பெற்றன. கொஞ்சம் கூடப் பணம் இருந்தால் 2021-இல் 5 நட்சத்திரம் வாங்கிய பஞ்ச் உண்டு. மாருதியின் பலம் வேறு: சிற்றூரிலும் உதிரிபாகம், பழக்கப்பட்ட மெக்கானிக். உங்கள் வீட்டிலிருந்து சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம் என்று பார்த்து இரண்டையும் எடைபோடுங்கள்.

*புது சின்ன கார்.* 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்கு உட்பட்ட சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. ஆல்டோ கே10, வேகன் ஆர் போன்றவற்றில் 2025-இல் 6 ஏர்பேக் எல்லா மாடலிலும் வந்துவிட்டது. வாரன்டி உண்டு, முந்தைய ஓனரின் குறை நம் தலையில் விழாது. ஆனால் தறிக்கூலி சேலைக்குச் சேலை வருவது. பட்டு நூல் விலை ஏறும் மாதம், சேலை தேங்கும் மாதம் இரண்டிலும் இ.எம்.ஐ. மாறாமல் வரும். ஆடி மாத வரவை வைத்துத் தவணையைக் கணக்கிடுங்கள். முகூர்த்த மாத வரவை வைத்துக் கணக்கிட்டால் பிறகு திண்டாட்டம்.

*சொந்தக்காரர் கொடுக்கும் பெரிய வண்டி.* ஏழு பேர் உட்காரும் வண்டி சும்மா வந்தாலும் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். வண்டி நிறைய நண்பர்கள் ஏறினால் பிள்ளையின் கவனம் சாலையில் இருக்காது. நியூசிலாந்து 1987-லேயே புது ஓட்டுநர்களுக்குப் படிப்படியான லைசென்ஸ் முறையைக் கொண்டுவந்தது. தொடக்க காலத்தில் நண்பர்களை ஏற்றவும் இரவில் தனியாக ஓட்டவும் அங்கே கட்டுப்பாடு உண்டு. நம் சட்டத்தில் அது இல்லை. அந்தக் கட்டுப்பாட்டை வீட்டில் நாம்தான் போட வேண்டும்.

*கார் வேண்டாம், பைக் போதும் என்பவர்களுக்கு.* 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் இரு சக்கர வண்டியில் போனவர்கள். பிள்ளை வேலூர் வரை பைக்கில் போய் வருவதை விட பஸ்ஸில் போவது எவ்வளவோ மேல்.

தெருவை அளந்து பாருங்கள்

நெசவுத் தெருக்களில் காலையில் பாவு நீட்டுவார்கள். தெரு நீளத்துக்கு பட்டு இழை போகும், இரண்டு பக்கமும் ஆட்கள் நிற்பார்கள். அந்த நேரத்தில் அங்கே சைக்கிளைக்கூடத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். மற்ற நேரத்தில் திண்ணைக்கும் சாக்கடைக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். ஆல்டோ கே10 அகலம் 1,490 மில்லிமீட்டர், வேகன் ஆர் 1,620, டியாகோ 1,677. கண்ணாடி இரண்டையும் சேர்த்தால் இன்னும் கூடும். தெரு இடம் தராவிட்டால் வண்டி நிற்கப்போகும் இடத்தை வாங்குவதற்கு முன்பே பேசி முடியுங்கள். மின்சார கார் எண்ணம் உள்ளவர்களும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: வீட்டு வாசலில் நிறுத்த முடியாத வண்டியை எங்கே சார்ஜ் போடுவது?

வண்டி பார்க்கப் போகும்போது

வெளியூரில் ஒரு கார் பார்த்தோம். 2020 மாடல், ஒரே ஓனர், 38,000 கிலோமீட்டர். பெயின்ட் பளபளத்தது, புது சீட் கவர். பையன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இறங்கவே இல்லை. அக்கா வீட்டுக்காரர் பின்சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். முதல் இரண்டு முழம் சுத்தம். அதற்கப்புறம் அவர் விரல் நின்றது. மொரமொரவென்று விறைத்திருந்தது நூல். குறுக்கே மண் நிறத்தில் ஒரு கோடு. "மச்சான், இது தண்ணியில ஊறிக் காஞ்ச நூலு" என்றார். முப்பது வருடம் பாவும் ஊடையும் தொட்ட விரல் அது. நான் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தேன். சீட்டுக்கு அடியில் இருந்த போல்ட்டெல்லாம் துரு.

சென்னை 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் மூழ்கியது. வெள்ளத்தில் நின்ற வண்டியைத் துடைத்துப் புதுசு போல ஆக்கி விற்பது உண்டு. இன்ஜினைக் கழுவலாம், சீட் கவரை மாற்றலாம். சுருளுக்குள் கிடக்கும் பெல்ட்டைக் கழுவ யாரும் நினைப்பதில்லை.

இன்னும் சில:

- இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். பானட்டைத் தொட்டுப் பாருங்கள். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் ஏதோ மறைக்கிறார்கள்.
- சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கும் ஏ.பி.எஸ். விளக்கும் எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் இணைப்பைப் பிடுங்கியிருக்கலாம். அந்த வண்டி வேண்டாம்.
- டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.
- சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள்.
- உங்கள் மெக்கானிக்கை உடன் அழைத்துப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் போகாது.

பேப்பரில் இழுத்தடிக்காதீர்கள். 29, 30 படிவங்களில் கையெழுத்து, கடன் இருந்திருந்தால் பேங்க் என்.ஓ.சி.யும் 35-ஆம் படிவமும், பாக்கி சலான் இல்லை என்ற உறுதி. இன்சூரன்சை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது.

தினமும் கல்லூரிக்கா?

ஆரணியிலிருந்து வேலூர் சுமார் 40 கிலோமீட்டர். போய்வர 80. லிட்டருக்கு 20 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தாலும் நாளுக்கு 400. மாதம் 22 நாளுக்கு 8,800 ரூபாய். இந்தக் கணக்கை நான் போட்டுக் காட்டவில்லை, பையனையே எழுதச் சொன்னேன். எழுதி முடித்துவிட்டு, கல்லூரிக்கு பஸ்ஸிலேயே போவதாக அவனே சொன்னான். கார் வீட்டுக்கு என்று முடிவானது: சேலை, பாட்டி, மழை.

முதல் ஆறு மாதத்துக்கு நாங்கள் வைத்த விதி நான்கு. இருட்டிய பிறகு தனியாக ஓட்டக் கூடாது. நண்பர்களை ஏற்றக் கூடாது. போன் டேஷ்போர்டுக்குள் போக வேண்டும். பின்சீட்டில் இருப்பவரும் பெல்ட் போட்ட பிறகே வண்டி நகர வேண்டும்.

கடைசியில் 2021-இல் தயாரான பெட்ரோல் டியாகோ ஒன்றை எடுத்தார்கள். போன வாரம் விடியற்காலையில் பாட்டியை ஏற்றிக்கொண்டு வேலூர் கிளம்பினோம். தெரு முனையில் பாவு நீட்டியிருந்தார்கள். பையன் ஹாரன் அடிக்கவில்லை. இன்ஜினை அணைத்தான், இறங்கிப் போய், ஒரு பக்கம் ஆள் குறைவாக இருந்த இடத்தில் பாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். சுற்றி எடுத்து முடிக்க அரை மணி நேரம் ஆனது. பாட்டி கேட்டாள், "ஏண்டா, ஆஸ்பத்திரிக்கு நேரமாவலியா?" "ஆவட்டும் பாட்டி, இழை அறுந்தா அவங்களுக்கு ஒரு நாளு போயிடும்" என்றான். அன்று பின்சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு நான் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.