காவற்சில்லு பழுதாவதேன்?

லித்தியம் அயன் மின்கலம் 1991ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. இன்று கைப்பேசி முதல் மின்வண்டி ஈறாக அதன் ஆட்சி பரந்துள்ளது. பெரும்பயன் விளைப்பதாயினும், அளவு கடந்து மின்னேற்றினால் தீப்பற்றவல்லது அது. ஆகலின் அதற்குக் காவற்சுற்று ஒன்று அமைப்பர். அச்சுற்றிலுள்ள சில்லு காரணம் புலப்படாது மாளுமாயின் செய்யத்தக்கது யாதென ஈண்டு ஆராய்வாம்.

ஒற்றைக் கலத்தின் காவற்சுற்றில் உறுப்புக்கள் சிலவே. சில்லு கலத்தின் மின்னழுத்தத்தை இடையறாது நோக்கி நிற்கும். 4.2 வோல்ட்டில் கலம் நிறைவெய்தும், ஏறத்தாழ 4.3 வோல்ட்டை எட்டின் சில்லு மின்னேற்றத்தை நிறுத்தும், ஏறத்தாழ 2.5 வோல்ட்டிற்குத் தாழின் மின் செலவை நிறுத்தும். குறுக்குச்சுற்று நேரினும் வழியடைக்கும். அதன் ஏவல்வழி நின்று வழியைத் திறப்பனவும் அடைப்பனவும் மாஸ்பெட்டுகள் இரண்டு.

சில்லு மாண்டால் கருவியும் நின்றுவிடும் என்று எண்ணற்க. வழி திறந்தபடியே சில்லு மாள்வதும் உண்டு. அப்போது விளக்கு எரியும், கலம் மின்னேறும், குறையொன்றும் தோன்றாது. காவலன் இறந்தும் கதவு திறந்து கிடக்கும் வீட்டை ஒப்பது அந்நிலை. ஆகவே பழுதான சில்லைப் பெயர்த்தெறிந்து புதியதொன்றை வைப்பதனோடு அமைதல் பெரும் பிழையாம்.

முதற்கண் மாண்ட சில்லுகளைப் பேணி வைத்தல் வேண்டும். எப்போது மாண்டது என்பதைக் குறித்தல் இரண்டாவது: கலத்தை இணைத்தபோதோ, குறுக்குச்சுற்றுச் சோதனையிலோ, வாளாவிருந்தபோதோ? மூன்றாவது, மின்னிணைப்பை நீக்கி, நற்சில்லின் கால்களுக்கிடையேயுள்ள தடையையும் பழுதுற்றதன் தடையையும் ஒப்பிடுதல். எக்கால் கெட்டதென அறியின், தீங்கு எவ்வழிப் புகுந்ததென்பதும் ஒருவாறு விளங்கும்.

குறுக்குச்சுற்றுச் சோதனைக்குப்பின் மாண்டதென வைத்துக்கொள்வோம். மல்டிமீட்டரோ 4.2 வோல்ட் என்றே காட்டுகின்றது. பின் சில்லைக் கொன்றது யாது? கம்பிக்கும் தூண்டல் உண்டு. 20 சென்டிமீட்டர் நீளக் கம்பியின் தூண்டல் ஏறத்தாழ 0.2 மைக்ரோஹென்றி. 50 ஆம்பியர் ஓட்டத்தை மாஸ்பெட் 1 மைக்ரோசெகண்டில் அறுப்பின், அக்கம்பியில் 10 வோல்ட் எழும். கலத்தின் 4.2 வோல்ட்டும் சேர, 14.2 வோல்ட் சில்லின் வாயிலில் நிற்கும். 10 வோல்ட்டுக்குமேல் தாங்காத சில்லுகள் உள. நொடிப்பொழுதில் தோன்றி மறையும் இதனை மல்டிமீட்டர் காணாது, ஆசிலோஸ்கோப்பே காணும். அதன் தரைக்கம்பியும் குறுகியதாதல் வேண்டும். நீளின் அதுவே பொய்யலை காட்டும்.

இத்தீங்கைத் தடுத்தற்கே சில்லின் முன் 100 ஓம் தடையும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் வைப்பர். இரண்டன் பெருக்கம் 10 மைக்ரோசெகண்ட். ஆதலின் 1 மைக்ரோசெகண்டே நிற்கும் எழுச்சியில் ஏறத்தாழ 1 வோல்ட்டே சில்லை அடையும். அம்மின்தேக்கி சில்லுக்குத் தொலைவில் இருப்பினும், பலகை வளைந்தமையால் விரிசலுற்றுத் தொடர்பு அறுந்திருப்பினும் காவல் பொய்க்கும். நிலையான அழுத்தத்தை அளக்குங்கால் இக்குறை சிறிதும் வெளிப்படாது. மறைந்த காரணங்களுள் இது தலையாயது. கையின் நிலைமின்னும் மற்றொரு காரணமாகலாம். ஆதலின் தரையிணைத்த கைப்பட்டை அணிந்தே சில்லைத் தொடுக.

ஐயுற்ற காரணங்களை ஒருங்கே திருத்தற்க. ஒருமுறைக்கு ஒன்றே மாற்றுக. மின்தேக்கியை மாற்றியபின் எழுச்சி தணிந்ததா என அளந்து காண்க. பின்னர் அதனை நீக்கின் எழுச்சி மீள்கின்றதா எனவும் காண்க. இரண்டும் ஒத்த பின்னரே காரணம் கண்டோம் எனலாம். இச்சோதனைகளை ஆசிரியர் முன்னிலையில், கண்ணாடி அணிந்து, எரியும் பொருள்களை அகற்றியே செய்தல் வேண்டும்.

மாணவ நண்பர்காள்! பழுது நீங்கியதென்பது வேறு. பழுதின் காரணம் அறிந்ததென்பது வேறு. முன்னதனோடு நிற்பவர் கைவினைஞர்; பின்னதையும் நாடுபவரே அறிவியலார். காரணம் அறியாது நாம் திருத்திக் கொடுக்கும் கருவி ஒருவர் படுக்கையருகே இரவெல்லாம் மின்னேறும் என்பதை மறவாதிருப்போமாக.